உபுண்டுவில் பைத்தான்: தடையை மீறி நிறுவலாமா?

முதலாண்டு மாணவி: மடிக்கணினியில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கிறேன். பைத்தான் 3.12 நிரல்மொழி அதிலேயே இருக்கிறது. ஆனால் பிப் என்ற பைத்தான் நிறுவல் கருவி மூலம், எண் கணக்கீட்டுக்கான நம்பை என்ற நிரல் நூலகத்தை நிறுவப் போனால், கணினியின் பைத்தானில் நேரடியாக நிறுவ முடியாது என்று சிவப்பு எழுத்தில் மறுக்கிறது. அந்தச் செய்தியின் அடியிலேயே தடையை மீறும் வழியும் சொல்லப்பட்டிருக்கிறது. மீறிவிடலாமா?

ஆய்வக ஆசிரியர்: தயங்காமல் மீறுங்கள். நிர்வாகி உரிமையோடு இயக்கும் சூடோ கட்டளை மட்டும் வேண்டாம். சூடோ இல்லாவிட்டால் நூலகம் உங்கள் ஹோம் கோப்புறைக்குள்தான் போகும். கணினியின் சொந்தக் கோப்புகளில் கை படாது. நூலகங்களைத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளும் தனிச்சூழலை அமைக்கச் சொல்லிப் பார்த்தவன் நான். மறுநாள் கட்டளை தட்டும் டெர்மினல் சாளரத்தைப் புதிதாகத் திறப்பார்கள், சூழலை இயக்க மறப்பார்கள், 'நேற்று ஓடியது, இன்று நம்பையைக் காணோம்' என்று வந்து நிற்பார்கள். பாடவேளையில் பாதி அதிலேயே போய்விடும். ஒரு பிள்ளைக்கு முதல் நாளே சலிப்புத் தட்டினால் மறுபடி இழுத்து வருவது கடினம்.

பழைய லினக்ஸ்காரர்: ஐயா, ஹோம் கோப்புறையில் இருப்பதும் பாதுகாப்பில்லை. பைத்தான் நூலகங்களைத் தேடும்போது, உபுண்டு நிறுவிய நூலகங்கள் இருக்கும் இடத்துக்கு முன்பே அந்த இடத்தைப் பார்க்கிறது. நீங்கள் புதிதாகப் போட்ட பதிப்பு, உபுண்டுவின் சொந்தக் கருவிகள் நம்பியிருக்கும் பதிப்பை மறைத்துவிடும்.

பட்டவன் சொல்கிறேன். உபுண்டு 18.04-இல் பைத்தான் 3.6 இருந்தது. எனக்கு 3.8 வேண்டுமென்று பைத்தான்3 என்ற கட்டளை எந்தப் பதிப்பை இயக்கும் என்று காட்டும் இணைப்பையே மாற்றிவிட்டேன். அடுத்த முறை டெர்மினலைச் சொடுக்கினால் திறக்கவே இல்லை. அதைத் தொடங்கிவைக்கும் நிரலே பைத்தானில் எழுதப்பட்டது! கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய்த்தான் பழையபடி ஆக்கினேன். கணினியின் பைத்தான் கணினிக்கு; நமக்கு நம்முடையது தனியே.

ஆய்வக ஆசிரியர்: இணைப்பை மாற்றுவதும் நம்பை போடுவதும் ஒன்றா? இருந்தாலும் மறைக்கும் சிக்கல் உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் உபுண்டுவின் சொந்த நிறுவல் கருவியான ஆப்ட் வழியாகவே நம்பையை நிறுவலாமே. தடையும் வராது, சூழலும் வேண்டாம்.

பழைய லினக்ஸ்காரர்: பழகுவதற்கு அது போதும். ஆனால் 24.04-இல் கிடைப்பது 1.26 பதிப்பு. 2.0 கேட்கும் பயிற்சி வந்த அன்றே மாட்டிக்கொள்வார். நீங்கள் சொன்ன மறதிக்கும் வழி இருக்கிறது: சூழலை இயக்கவே வேண்டாம். சூழலின் கோப்புறைக்குள் 'பின்' (bin) என்ற உட்கோப்புறையில் இருக்கும் பைத்தானை முழுப் பாதையோடு அழைத்தாலே நூலகங்கள் கிடைத்துவிடும்.

ஆய்வக ஆசிரியர்: அது எனக்கும் பயன்படும். ஆனாலும் முதல் மாதம் ஆப்ட், பிறகுதான் தனிச்சூழல் என்பதில் நான் மாறவில்லை.

முதலாண்டு மாணவி: தனிச்சூழலையே முயன்றேன். முதலில் அதுவும் பிழை காட்டியது. பைத்தான்3-வென்வ் என்ற தொகுப்பை ஆப்ட் மூலம் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. இப்போது நம்பை 2 ஓடுகிறது, டெர்மினலும் திறக்கிறது. இருவருக்கும் நன்றி, ஐயா.