செங்கல் கணப்புக்குள் வைத்த விறகு அடுப்பு, சூடு வெளியே போகிறது, உதவி வேண்டும்

வணக்கம். எங்களுடையது ஒட்டாவா பக்கம் ஒரு பழைய வீடு, வெளிச்சுவரோடு சேர்த்துக் கட்டிய செங்கல் கணப்பு. போன இலையுதிர் காலத்தில் அதற்குள் விறகு அடுப்பு இன்சர்ட் வைத்து, புகைபோக்கி உச்சிவரை 6 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனரும் (புகை போகும் உள்குழாய்) இறக்கினோம். ஆனால் வெளியே மைனஸ் 25 ஆகும்போது எவ்வளவு விறகு போட்டாலும் அறை சூடேறுவதில்லை, பாதிச் சூடு பின்னால் இருக்கும் செங்கலுக்குள்ளும் புகைபோக்கிக்குள்ளும் போய்விடுகிறது. வெளிச்சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது, அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கோடையில் அடுப்பை வெளியே இழுத்து, டேம்பர் (புகைபோக்கியின் வாயை மூடித் திறக்கும் தகடு) இருந்த இடத்தை லைனரைச் சுற்றி இரும்புத் தகடு வெட்டி மூடி, அதன்மேல் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய, சூடு தாங்கும் பஞ்சு) வைக்கலாம் என்று நினைக்கிறேன். கண்ணாடி இழைப் பஞ்சு வேண்டாம், அதிலுள்ள பசை சூட்டில் கருகிவிடும். பின்சுவருக்கும் பக்கங்களுக்கும் செராமிக் ஃபைபர் விரிப்பு நல்லதா, ராக்வூல் பலகையா? ராக்வூலிலும் கொஞ்சம் பசை உண்டே, முதல் சில நாள் நாறுமா? சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, அதுதான் கேட்கிறேன். அப்புறம், அடுப்பின் சூட்டை அறைக்குள் தள்ளும் விசிறிக்குக் காற்று போய்வர எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? செய்து பார்த்தவர்கள் படம் போட்டால் பெரிய உதவி.