ரங்கூனில் கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்கே கிடைக்கும்?

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். கரண்ட் போனதும் கீழ்க்கடையில் ஜெனரேட்டர் ஓடும். மழை வந்தால் அதை மாடிப்படிக்கு அடியில் இழுத்து வைத்துவிடுகிறார்கள்.

போன வாரம் ராத்திரி அம்மாவுக்குத் தலைவலி, குமட்டல். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தோம். சற்று நேரத்தில் எனக்கும் தலை கனத்தது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை அம்மா விரலில் மாட்டினால் ஆக்சிஜன் 98 சதவீதம், சரியாக இருப்பதாகக் காட்டியது! தெருவில் இறங்கி உட்கார்ந்த பிறகுதான் தெளிந்தது.

அந்த 98-ஐ நம்பவே கூடாது என்றார் டாக்டர். ஜெனரேட்டர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் இந்த வாயு ஏறிய ரத்தமும் ஆக்சிமீட்டருக்கு ஒன்றாகத்தான் தெரியுமாம். தூங்குகிறவர்கள் எழாமலே போய்விடலாம். நினைத்தாலே பதறுகிறது.

பேட்டரியில் ஓடும் அலாரம் வேண்டும், கரண்ட் இல்லாத நேரத்தில்தானே ஆபத்து. எந்தப் பக்கம் கிடைக்கும்? கேட்ட கடைகளில் புகை அலாரத்தைக் காட்டுகிறார்கள். அது இதற்கு ஒலிக்காது. படுக்கையறைப் பக்கம் மாட்டப் போகிறேன்.

அப்புறம், கடைக்காரர் நல்ல மனிதர்தான், இயந்திரம் நனைந்துவிடுமே என்று தயங்குகிறார். கட்டடத்தை விட்டுத் தள்ளி, கூரை போட்டு வைத்தவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். பர்மிய மொழியில் இதை விளக்கும் தாள் இருந்தாலும் அனுப்புங்கள், அவர் கையில் கொடுக்கிறேன். அதுவரை ஜெனரேட்டர் சத்தம் கேட்டால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடுகிறோம்.