புதுப்பிப்பு: ஜிஆர்இ கணிதம், எண் போட்டுப் பார்ப்பதில் ஒரு திருத்தம்

மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வின் அளவு ஒப்பீட்டுக் கேள்விகளில் (இரு அளவுகளில் எது பெரியது என்று கேட்பவை) மாறிக்குப் பதில் எண்களைப் போட்டுப் பாருங்கள் என்று முன்பு இந்த இழையில் எழுதியிருந்தேன். எந்த எண்களை என்று சொல்லாமல் விட்டது தவறு. பலரும் 2, 3, 5 போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் சறுக்குகிறது.

எக்ஸின் வர்க்கம் பெரியதா, எக்ஸ் பெரியதா என்று கேள்வி. 2 போட்டால் 4, வர்க்கம் பெரியது. ½ போட்டால் ¼, எக்ஸ் பெரியது. இரண்டு விடை வந்த கணமே 'தீர்மானிக்க முடியாது' என்பதைக் குறித்துவிட்டு நகருங்கள். ஆகவே வரிசை இது: 0, 1, ½, −½, −2, பிறகுதான் 2. கேள்வி 'நேர் முழு எண்' என்று கட்டுப்படுத்தியிருந்தால் பட்டியலில் பாதிக்கு மேல் தானாகவே உதிர்ந்துவிடும்; அதனால் நிபந்தனையை முதலில் படியுங்கள். எல்லா எண்ணும் ஒரே விடை தந்தாலும் அது நிரூபணம் ஆகாது, காரணத்தைத் தேடுங்கள். இரு பக்கமும் வெறும் எண்களே என்றால் 'தீர்மானிக்க முடியாது' என்ற அந்த நான்காம் விடை ஒருபோதும் வராது.

இன்னொன்று: குறி தெரியாத மாறியால் இரு பக்கத்தையும் வகுக்காதீர்கள். எதிர்ம எண்ணாக இருந்தால் ஒப்பீடே தலைகீழாகிவிடும். கூட்டல், கழித்தலில் இந்த ஆபத்து இல்லை.

நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2023 செப்டம்பருக்குப் பிந்தைய தேர்வு வடிவில் கணிதத்தின் முதல் பகுதி 12 கேள்வி, 21 நிமிடம். இரண்டாவது 15 கேள்வி, 26 நிமிடம். தவறுக்கு மதிப்பெண் குறையாது. எதையும் காலியாக விடாதீர்கள்.