'லிக்கின்' வரிக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புடையீர்,
1886 செப்டம்பரில் ஹாங்காங் சார்பில் ஜேம்ஸ் ரஸ்ஸலும் சீனத்தின் சார்பில் அதன் சுங்கத்துறைத் தலைவர் ராபர்ட் ஹார்ட்டும் ஷாவ் யூலியனும் பேசி முடித்த அபின் உடன்பாடு பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். அபின் பெட்டி ஒன்றுக்கு இறக்குமதித் தீர்வை 30 டேல் (சீன வெள்ளி நிறை), சீன உள்நாட்டுச் சாவடிகளில் தண்டிவந்த லிக்கின் வரிக்கு ஈடாக 80 டேல், ஆக 110 டேலை ஒருசேரக் கட்டிவிட வேண்டும் என்று 1885இலேயே லண்டனில் முடிவாகிவிட்டது. கடத்தலைத் தடுக்க ஹாங்காங் எவ்வாறு உதவும் என்பதே மறு ஆண்டுப் பேச்சு. தீர்வை, லிக்கின் இரண்டையும் 'சுங்கம்' என்று எழுதினால் "சுங்கத்துடன் சுங்கமும் சேர்த்து" என்று வந்து நிற்கிறது.

ஐயா,
சுங்கத்துக்குப் பழந்தமிழ்ச் சொல் 'உல்கு' இருக்கக் கவலை ஏன்? பெரும்பாணாற்றுப்படை 'உல்குடைப் பெருவழி' என்கிறது. லிக்கின் சாவடிகளும் வழிகளில் இருந்தவையே. வடமொழிச் 'சுல்கம்' நம் உல்கிலிருந்து போனதே என்பது என் துணிபு.

அன்பரே,
பட்டினப்பாலை 'உல்குசெயக் குறைபடாது' என்பது புகார்த் துறைமுகத்துப் பண்டங்களைப் பற்றி. ஆகவே உல்கும் இரண்டையும் பிரித்துக் காட்டாது. சுல்கம் பாலி மொழியில் 'சுங்க' ஆன கதையைத் தொடங்கினால் வெள்ளிக்கிழமை போய்விடும். 'லி' என்பது ஆயிரத்தில் ஒரு கூறு என்பதால் 'ஆயிரக்கூற்றுவரி' எனலாமென்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். பக்கத்திலேயே 80 டேல் என்று படிக்கும் மாணவர் கணக்குப் போட்டுப் பார்க்கமாட்டாரா?

அனைவருக்கும் வணக்கம்.
நான் வகுப்பெடுப்பவள். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியைப் பார்க்காத பிள்ளை இல்லை; எனவே துறைமுகத்தில் வாங்குவதற்குத் 'தீர்வை', லிக்கினுக்கு 'வழிச்சுங்கம்' என்று வைத்தால், 1853இல் சீனத்தில் தைப்பிங் கிளர்ச்சியை ஒடுக்கும் செலவுக்காக இவ்வரி பிறந்ததை எளிதாக விளக்கிவிடுவேன்.

அம்மையீர்,
சொல் நன்று, ஆனால் அந்த 80 டேலை வழியில் யாரும் வாங்கக் கூடாது என்பதுதானே உடன்பாட்டின் உயிர்? மாகாண அதிகாரிகள் கையிலிருந்த வருவாய், 1887 ஏப்ரலில் ஹாங்காங்கை அடுத்த கௌலூனிலும் மக்காவை அடுத்த லாப்பாவிலும் திறந்த ஹார்ட்டின் சுங்க அலுவலகங்களுக்குப் போனது. வழியில் வாங்காத வழிச்சுங்கம் உறுத்துகிறது.

அன்புடையீர்,
உறுத்தல் எனக்கும் உண்டு. வரிக்கு 'வழிச்சுங்கம் (லிக்கின்)', அபினுக்கான 80 டேலுக்கு 'வழிச்சுங்க ஈடு' என்று எழுதி அனுப்புகிறேன், மூவர் இசைந்துள்ளனர்.

ஐயா,
நான் இசையவில்லை. சொல்லடைவிலாவது உல்கு இடம்பெறட்டும்.