‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’: பிள்ளைகளுக்கு எந்தப் படத்தைக் காட்டலாம்?

நாகர்கோவில் வாசகர்:
வணக்கம். விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இப்படத்தைத் திரையிட எண்ணியுள்ளோம். 1991-இல் வந்த அனிமேஷன் படம் 84 நிமிடங்களில் முடிகிறது. பில் காண்டன் இயக்கத்தில் எம்மா வாட்சன் நடித்த 2017-ஆம் ஆண்டுப் படமோ 129 நிமிடங்கள் ஓடுகிறது. கூடுதலான முக்கால் மணி நேரம் பாடல்களுக்கு வலுச் சேர்க்கிறதா?

தக்கலை வாசகி:
ஓரிடத்தில் நிச்சயமாகச் சேர்க்கிறது, அண்ணா. தன் கோட்டையில் சிறைவைத்த நாயகி பெல்லை விடுவித்தபின் அரக்கன் பழைய படத்தில் வேதனையில் கர்ஜிப்பதோடு சரி. புதிய படத்தில், அவள் குதிரையில் விரைந்து மறைவதைப் பார்த்தவாறே கோபுரத்தில் ஏறி அவன் பாடும் ‘எவர்மோர்’, அவன் இழப்பை முழுமையாக உணர்த்துகிறது. ஆலன் மென்கன் இசைக்கு டிம் ரைஸ் வரிகள். பெல்லின் தாயைப் பற்றிய காட்சிகள் மட்டும் எனக்குத் தேவையற்றவையாகத் தோன்றின.

மார்த்தாண்டம் வாசகர்:
பாடலைப் பற்றித் தங்கை சொல்வது சரியே. ஆனால் சிறுபிள்ளைகளுக்கு நான் பழைய படத்தையே பரிந்துரைப்பேன். சாபத்தால் விளக்குத்தண்டாக மாறிய பணியாள் லூமியேரின் முகம் அதில் பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் மலர்கிறது. புதியதில் உலோகம் அசல் உலோகமாகவே தெரிவதால் அந்த முகபாவம் மங்கிவிடுகிறது. பழைய படத்தின் பாடல்வரிகளை எழுதிய ஹோவர்ட் ஆஷ்மன், படம் வெளிவருமுன்பே, 1991 மார்ச்சில் காலமானார் என்பது இன்றும் மனத்தை வருத்துகிறது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்ற முதல் அனிமேஷன் படமும் அதுவே.

நாகர்கோவில் வாசகர்:
இருவருக்கும் நன்றி. சிறியவர்களுக்குப் பழைய படத்தையும், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மறுநாள் புதியதையும் திரையிடுகிறோம்.