'பாலிஸ்டிக் ஏவுகணை' என்பதன் சரியான பொருள் என்ன?

கேள்வி:
நெடுந்தொலைவு செல்லும் ஏவுகணையைத்தான் 'பாலிஸ்டிக்' என்கிறார்கள் என்று இதுவரை எண்ணியிருந்தேன். ஆனால் 150 கிலோமீட்டர் மட்டுமே செல்லும் பிருத்வி-1 ஏவுகணையையும் அவ்வாறே குறிப்பிட்டிருந்ததைப் படித்தபின் குழப்பமாக இருக்கிறது. இதைக் 'கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை' என்று எழுதலாமா? அல்லது 'எறிகணை' என்பது பொருந்துமா?

மறுமொழி 1:
ஐயா, அச்சொல் தொலைவைக் குறிப்பதன்று, பறக்கும் விதத்தைக் குறிப்பது. 'எறிதல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே அதன் வேர். மாங்காயைக் குறிபார்த்துக் கல்லெறிகிறோம். கையை விட்டகன்ற கல்லை அதன்பின் நம்மால் திருப்ப இயலாது, புவியீர்ப்பும் காற்றுமே அதன் பாதையை வளைக்கின்றன. இந்த ஏவுகணையிலும் இயந்திரம் தொடக்கத்தில் சிறிது நேரமே எரிந்து, வேண்டிய வேகத்தையும் திசையையும் கொடுத்துவிட்டு அணைந்துவிடுகிறது. மிச்சப் பயணத்தின் பெரும்பகுதி எறிந்த கல்லின் பயணமே. 1944 செப்டம்பரில் ஜெர்மனி இலண்டன் மீது ஏவத் தொடங்கிய வி-2 ஏவுகணையின் இயந்திரம் ஏறத்தாழ ஒரு நிமிடமே எரிந்தது, ஆனால் அது சென்ற தொலைவோ சுமார் 320 கிலோமீட்டர். இதற்கு மாறாக, 2001இல் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட பிரமோஸ், இலக்கை அடையும்வரை இயந்திரம் இயங்க, காற்றுமண்டலத்துக்குள்ளேயே பறக்கும் குரூஸ் ஏவுகணை. அதைப் பாலிஸ்டிக் என்று எழுதுவது தெளிவான பிழை.

மறுமொழி 2:
'கண்டம் விட்டுக் கண்டம் பாயும்' என்பது பாலிஸ்டிக் ஏவுகணைகளுள் 5,500 கிலோமீட்டருக்கு மேல் செல்பவற்றுக்கு மட்டுமே உரியது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1972இல் ஆயுதக் கட்டுப்பாடு பற்றி உடன்பாடு கண்டபோது, தங்கள் பெருநிலப்பரப்புகளுக்கு இடைப்பட்ட மிகக் குறுகிய தொலைவையே எல்லைக்கோடாகக் கொண்டன. அதிலிருந்து வந்ததே இந்த அளவு. பிருத்விக்கு இந்த அடைமொழி சிறிதும் பொருந்தாது.

மறுமொழி 3:
'எறிகணை' பற்றி இலங்கையிலிருந்து ஒரு சொல். வேரின் பொருளை நோக்கினால் அது மிக அழகாகப் பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எங்கள் எழுத்தில் எறிகணை என்றால் பீரங்கியிலிருந்தும் 'மோர்ட்டார்' என்னும் குறுங்குழல் பீரங்கியிலிருந்தும் வந்து விழும் ஷெல்தான். 'எறிகணை வீச்சு' என்று படித்தவுடன் பதுங்குகுழிக்குள் ஓடிய நாட்களே எங்களுள் பலருக்கு நினைவுக்கு வரும். அச்சொல்லை வேறோர் ஆயுதத்துக்கு மாற்றினால் பழைய செய்திகளைப் படிப்போர் தடுமாறுவார்கள். ஆதலால் 'பாலிஸ்டிக் ஏவுகணை' என்றே எழுதி, முதன்முறை வருமிடத்தில் கல்லெறி விளக்கத்தை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.