பூனையின் உலர் உணவு: புரத விழுக்காடு கூடினால் தரமும் கூடுமா?

மதில்மேல்பூனை:
கருத்தடை செய்யப்பட்டு, வீட்டுக்குள்ளேயே வளரும் நான்கு கிலோ பெண் பூனைக்கு உலர் உணவை மாற்ற எண்ணியிருக்கிறேன். கடையில் பார்த்த முதல் பையில் புரதம் 40 விழுக்காடு, கொழுப்பு 20, நார்ச்சத்து 3, ஈரப்பதம் 8, சாம்பல் (உணவை எரித்தால் எஞ்சும் தாதுக்கள்) 8. "தானியம் இல்லாதது" என்றும் பெரிய எழுத்தில் இருக்கிறது. இரண்டாவது பையில் புரதம் 30, கொழுப்பு 10, நார்ச்சத்து 4, ஈரப்பதம் 10, சாம்பல் 8. மூலப்பொருள் பட்டியல் மக்காச்சோளத்தில் தொடங்குகிறது. முதல் பையின் விலை இரண்டு மடங்குக்கும் மேல். அந்த விலைக்கு ஏற்ற சத்து உண்மையிலேயே அதில் இருக்கிறதா?

செங்கால்நாரை:
முதல் பையைத்தான் வாங்க வேண்டும். பூனை இறைச்சியை நம்பியே வாழும் உயிர். உணவில் புரதம் குறைந்தால் நம் கல்லீரல் புரதத்தைச் சிதைக்கும் வேகத்தைத் தணித்துக்கொள்ளும். பூனையின் கல்லீரலால் அவ்வளவு தணித்துக்கொள்ள இயலாது என்பதால், குறைந்ததைத் தன் தசையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தாவரங்களில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றவும், டாரின் என்ற அமினோ அமிலத்தைத் தேவையான அளவு உருவாக்கவும் அதன் உடலுக்கு வழியில்லை. அர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலம் இல்லாத ஒரே ஒரு வேளை உணவுகூட இரத்தத்தில் அம்மோனியாவை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். இப்படிப்பட்ட உயிருக்கு மக்காச்சோளத்தை முதலிடத்தில் வைத்த உணவைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

கணக்குப்பிள்ளை:
நாரை அவர்கள் பூனையின் உடலைப் பற்றிச் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. அதிலிருந்து இந்த முடிவு வராது என்பதே என் வாதம். 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்பதை விட, பூனை ஒரு நாளில் உண்ணும் கலோரிக்குள் எவ்வளவு புரதம் என்பதுதான் கேள்வி. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5 கிலோகலோரி என்ற வழக்கமான கணக்கைப் போட்டால், முதல் பையின் 100 கிராமில் சுமார் 384 கிலோகலோரியும் இரண்டாவதில் 323-ம் வருகின்றன. இந்தப் பூனைக்கு நாளொன்றுக்கு 200 கிலோகலோரி என்று வைத்துக்கொண்டால், முதலாவதில் 52 கிராமும் இரண்டாவதில் 62 கிராமும் அளந்து வைக்க வேண்டும். அப்போது வயிற்றுக்குள் போகும் புரதம் முறையே சுமார் 21 கிராம், 18.6 கிராம். பையில் மலைபோலத் தெரிந்த வேறுபாடு கிண்ணத்தில் இரண்டு கிராம் சொச்சம்தான். வளர்ந்த பூனைக்கு விலங்குத் தீவனத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவின்படி 200 கிலோகலோரிக்கு 13 கிராம் போதும். இரண்டு பைகளும் அதைத் தாண்டிவிட்டன.

செங்கால்நாரை:
உங்கள் கணக்கு சரி, ஆனால் அது பாதிக் கணக்கு. நூறிலிருந்து மற்றவற்றைக் கழித்தால் முதல் பையில் மாவுச்சத்து 21, இரண்டாவதில் 38. நீங்கள் சொன்ன அளவுகளின்படியே நாளொன்றுக்கு 11 கிராமுக்கு எதிராக 23 கிராமுக்கும் மேல். அந்த 18.6 கிராம் புரதத்திலும் எவ்வளவு இறைச்சியிலிருந்து வந்தது, எவ்வளவு மக்காச்சோளப் பசையிலிருந்து (தானியத்திலிருந்து பிரித்தெடுத்த புரதத்திலிருந்து) வந்தது? பையில் அச்சிடும் கச்சாப் புரதம் என்பது நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிய எண்; அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அது சொல்லாது. 2007-இல் வட அமெரிக்காவில் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது இந்த ஓட்டையால்தான்: சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசையில், புரதம் கூடுதலாகக் காட்டுவதற்காக, நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்திருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்த ஓட்டை 40 என்று அச்சிட்ட பைக்கும் உண்டு என்பதைக் கவனியுங்கள். மூலப்பொருள் பட்டியலும் சேர்க்கும்போதுள்ள எடை வரிசைதான். பச்சைக் கோழி இறைச்சியில் ஏறத்தாழ 70 விழுக்காடு தண்ணீர் என்பதால் அது முதலிடம் பிடிப்பது எளிது. வற்றிய பிறகு அதன் பங்கு எங்கோ கீழே இருக்கும். "தானியம் இல்லாதது" என்பதற்கு மாவுச்சத்து இல்லை என்று பொருளல்ல. பட்டாணியும் உருளைக்கிழங்கும் அந்த இடத்துக்கு வந்திருக்கும். நன்கு வெந்த மாவுச்சத்தைப் பூனை 90 விழுக்காட்டுக்கும் மேல் செரித்துவிடுகிறது. நீரிழிவைப் பொறுத்தவரை உடல்பருமனே நன்கு நிறுவப்பட்ட காரணி, ஆகவே கொழுப்பு 20 விழுக்காடு உள்ள உணவைக் கிண்ணம் நிறையக் கொட்டி வைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

அச்சிட்ட எண்ணை நம்பியதால் நேர்ந்ததற்கு இன்னொரு சான்று டாரின். 1987-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் இதயம் விரிந்து நலிந்த பூனைகளிடம் டாரின் குறைபாட்டைக் கண்டார்கள். அவற்றில் பல, அன்றைய பரிந்துரைப்படி டாரின் இருந்த நிறுவன உணவுகளையே உண்டவை! உணவில் இருந்தது உடலில் போதுமான அளவு தங்கவில்லை. அதனால்தான் விழுக்காட்டை விட, பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்த உணவுச் சோதனையை நான் பெரிதாக மதிக்கிறேன். வளர்ந்த பூனைக்கான ஆஃப்கோ சோதனை 26 வாரம் நடக்கும். அது நெடுங்காலம் அல்ல, ஆனாலும் வெறும் அச்செழுத்தை விட மேல்.

கடைத்தெரு:
நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பையில் கிலோ கணக்கில் கட்டி விற்கிறார்கள். அதில் காலாவதி நாளும் இல்லை, மேலே நீங்கள் விவாதிக்கும் எண்களும் இல்லை. உருண்டைகளின் மேல் பூசிய கொழுப்பு காற்றும் வெயிலும் பட்டுச் சிக்கு வாடை அடித்தால், 40 விழுக்காடு புரதம் இருந்து என்ன பயன்? முத்திரை உடையாத சிறு பையையே வாங்குங்கள்.

செங்கால்நாரை:
அதை நானும் வழிமொழிகிறேன். ஆனால் கணக்குப்பிள்ளை அவர்களே, கிண்ணத்தை நிறைப்பது வளர்ப்பவரின் தவறு, உணவின் குறையல்ல. சமையலறைத் தராசில் 52 கிராமை நிறுத்து வைத்தால் அதே பூனை தசை குறையாமல் எடையைக் காத்துக்கொள்ளும்.

கணக்குப்பிள்ளை:
நிறுத்து வைப்பவருக்கு அது பொருந்தும். இருந்தாலும் எலும்பு மிகுந்த இறைச்சித் தூளால் புரதத்தை ஏற்றிய உணவில் பாஸ்பரஸும் ஏறிவிடுவது உண்டு, வயது கூடிய பூனையின் சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல. முதல் பையில் அந்த அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா?

மதில்மேல்பூனை:
இரண்டு பைகளிலுமே இல்லை. உணவுச் சோதனை பற்றியும் ஒரு வரி இல்லை.

செங்கால்நாரை:
அப்படியானால் இரண்டு நிறுவனங்களுக்கும் எழுதி, 1000 கிலோகலோரிக்குப் பாஸ்பரஸ் எத்தனை கிராம், விலங்குப் புரதம் எத்தனை பங்கு, உணவுச் சோதனை நடத்தினார்களா என்று கேளுங்கள். முதல் பை இதில் தோற்றாலும் சோளத்துக்குப் போகும்படி நான் சொல்ல மாட்டேன். இறைச்சியும் மிகுந்து பாஸ்பரஸும் அடங்கிய மூன்றாவது பையைத் தேடச் சொல்வேன்.